விதைநெல்லும் வன்தட்டும்

பெருமழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவு. சவளக்கடையின் வயல்வெளிகள் யாவும் வெள்ளக்காடாய்க் கிடந்தன. கல்முனைக்குச் செல்லும் வழியிலுள்ள கிட்டங்கித் தாம்போதியின்மேல் நீர் பாய்கிறதென்ற செய்தி மாலையிலேயே வந்துவிட்டது. அவ்வேளையில் எங்கள் வீட்டு மூலையில் இருந்த பழைய கணினி வழக்கத்துக்கு மாறான ஓர் ஒலியை எழுப்பலாயிற்று. ‘டக்... டக்... டக்...’ என்று, பூட்டிய கதவை யாரோ உள்ளிருந்து தட்டுவதுபோன்ற ஒலி அது. திரை நீலமாகிப் பின் கருமையாயிற்று.

பதினைந்து ஆண்டுகளுக்குமுன் மூத்த மகளின் படிப்புக்காக வாங்கிய கணினி அது. மகளின் திருமணப் படங்கள், என் நெற்காணியின் கணக்குகள், இளைய மகன் பாடசாலைக்கு எழுதி முடித்திருந்த ஒப்படை ஆகிய யாவும் அதற்குள்ளேயே இருந்தன. இவற்றினும் மேலாக, காலஞ்சென்ற என் உம்மாவின் குரல் அதில் இருந்தது. தம் இளமைக்காலத்து அறுவடை நாட்களைப்பற்றித் தம் பேரப்பிள்ளைகளுக்கு அவர் சொல்லிய கதையை மகள் பதிவுசெய்து வைத்திருந்தாள். பதினொரு நிமிடம் ஓடும் அக்குரலுக்கு வேறெங்கும் படி இல்லை.

“வாப்பா, விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்றான் மகன். நானும் தலையசைத்துவிட்டேன். ஆயினும் ஏதோ ஓர் ஐயம் எழ, கல்முனையில் கணினி திருத்தும் இளைஞர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் அவ்வொலியைக் கேட்டதும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: “சேர், உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மறுபடி போட்டுப் பார்க்கவேண்டாம்.”

அந்த ஒரு வார்த்தையின் அருமையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நம் இல்லங்களிற் பலவற்றில் பழைய கணினிகள் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் வட்டு பழுதுபடும்போது செய்யவேண்டியது யாது, செய்யத் தகாதது யாது என்பதைக் குடும்பத்தார் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

பெட்டிக்குள் சுழலும் வட்டு

கணினியின் நிலையான நினைவு தங்குமிடம் வன்தட்டு. கடைத்தெருவில் இதனை ‘ஹார்ட் டிஸ்க்’ என்பர். இதன் வரலாறு 1956-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதலாவது வட்டியக்கி, 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டது. ஏறத்தாழ ஒரு தொன் எடையுள்ள அப்பெரும் பொறியில் அடங்கியவை 50 இலட்சம் எழுத்துகளே. இன்றைய கைத்தொலைபேசி எடுக்கும் ஒரு படத்துக்கே அவ்விடம் சரியாகிவிடும்! 1980-இல் சீகேட் நிறுவனம் மேசைக் கணினிக்குப் பொருந்தும் ஐந்தேகால் அங்குல வட்டைக் கொணர்ந்தது; அதன் கொள்ளளவு 5 மெகாபைட். அதன்பின் நேர்ந்த வளர்ச்சி வியப்புக்குரியது. மிக நுண்ணிய காந்த அடையாளங்களையும் உணர்ந்து படிக்க வழிசெய்த ஒரு காந்த விளைவை 1988-இல் கண்டறிந்த அல்பேர்ட் ஃபேர், பீட்டர் குரூன்பர்க் என்னும் இருவருக்கும் 2007-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

வன்தட்டின் உள்ளே கண்ணாடியாலோ அலுமினியத்தாலோ ஆன வழவழப்பான தட்டுகள் உண்டு. அவற்றின்மேல் மெல்லிய காந்தப் படலம் பூசப்பட்டிருக்கும். தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும். 7200 முறை சுழலும் மூன்றரை அங்குல வட்டின் விளிம்பு, மணிக்கு 120 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் விரைகிறது. அதன்மேல் ஒரு சிறு தலை, காற்றின் மெல்லிய மெத்தையில் மிதந்தபடி எழுதுவதும் படிப்பதுமாயிருக்கும். தலைக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள தூரம் சில நனோமீற்றர்களே. நம் தலைமயிரின் தடிப்பில் அது ஏறத்தாழ பதினாயிரத்தில் ஒரு பங்கு!

இவ்வளவு நுண்மையான இடைவெளியில் ஒரு தூசி புகுந்தால் என்னாகும்? தலை தட்டின்மேல் உரசினால் என்னாகும்? நெல் வயலில் எருமை புகுந்த கதைதான். உரசிய இடத்தின் காந்தப் படலம் துகளாகிப் பறக்கும். அத்துகள்கள் வேறிடங்களையும் கீறும். பழுதுபட்ட வட்டை ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் அழிவு பெருகக்கூடும். மின்சாரத்தை உடனே நிறுத்துமாறு அவ்விளைஞர் கூறியதன் காரணம் இதுவே.

நோயை அறிதல்

கணினி தாமதித்தால் வட்டையே குற்றஞ்சாட்டுதல் முறையன்று. முதலில் எளிய காரணங்களை ஆராய்தல் வேண்டும்.

கணினியைத் திறக்கும்தோறும் நாளும் நேரமும் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கின்றனவா? இணையத் தளங்கள் பல திறக்க மறுக்கின்றனவா? அப்படியாயின் தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவப் பற்றரி தீர்ந்திருக்கலாம். 3 வோல்ட் அளவுள்ள அப்பற்றரியை மாற்றுவது சிறு செலவே. வட்டு சில வேளைகளில் தோன்றியும் சில வேளைகளில் மறைந்தும் இருக்கிறதா? இணைப்புக் கம்பி தளர்ந்திருக்கலாம். அல்லது கடற்கரைக் காற்றின் ஈரமும் உப்பும் அதன் முனைகளைக் கெடுத்திருக்கலாம். மின்னைத் துண்டித்து, கம்பியைக் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்தினாலே பல கணினிகள் உயிர்பெறுகின்றன. மின்வழங்கிப் பெட்டி தளர்ந்து போதிய மின்னைத் தராவிடினும் வட்டு திணறும்.

வட்டே நோயுற்றிருப்பின் அறிகுறிகள் வேறு. ஒரு கோப்பைத் திறக்கப் பல நிமிடங்கள் செல்லும். சில கோப்புகளின் பெயர் இருக்கும். உள்ளே ஒன்றும் இராது. படங்களின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகிவிடும். ‘டக், டக்’ என்ற ஒலியோ உராயும் ஒலியோ கேட்கும். வன்தட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாடு ஒன்றும் உண்டு. எத்தனை பகுதிகள் கெட்டு மாற்றப்பட்டன, எத்தனை பகுதிகள் படிக்க இயலாது காத்திருக்கின்றன என்பதை அது எண்ணிக்காட்டும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களால் இதனைப் பார்க்கலாம். அவ்வெண்கள் நாளுக்கு நாள் ஏறுமாயின் வட்டின் நாட்கள் எண்ணப்படுகின்றன என்பதே பொருள்.

முதற்கடமை படியெடுத்தல்

நோயுற்ற வட்டைக் கண்டதும் நம்மவர் செய்யும் பிழைகள் மூன்று. முதலாவது, மீண்டும் மீண்டும் மின்னைப் போட்டுப் பார்ப்பது. இரண்டாவது, வட்டைச் சீர்செய்யும் மென்பொருளை ஓடவிடுவது. அது வட்டெங்கும் தேடித் திரிந்து, ஆங்காங்கே எழுதவும் செய்யும். நலிந்த வட்டுக்கு அது தாங்கவொண்ணாச் சுமை. மூன்றாவது, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது. பழைய எழுத்தின்மேல் புதிய எழுத்தை எழுதிவிட்டால் கீழே இருந்ததை மீட்பது அரிது. என் மகன் சொன்னபடி செய்திருந்தால் உம்மாவின் குரல் அன்றிரவே மறைந்திருக்கும்.

செய்யவேண்டிய முறை வேறு. வட்டு ஒலியெழுப்பாமல் தாமதமாக மட்டும் இயங்குமாயின், வேறொரு நல்ல வட்டை இணைத்து, மீண்டும் பெறமுடியாதவற்றை முதலிற் படியெடுக்கவேண்டும். குடும்பப் படங்களும் குரற்பதிவுகளும் முதல். பின்னர் கணக்குகளும் பாடக் கோப்புகளும். திரைப்படங்களும் மென்பொருள்களும் கடைசி. அவற்றை வேறிடத்திற் பெறலாம்; ஓர் உம்மாவின் குரலை எந்தக் கடையிற் பெறுவது?

வட்டின் சில பகுதிகள் கெட்டிருப்பின் அதற்கெனச் சில மென்பொருள்கள் உண்டு. ‘டி.டி.ரெஸ்கியூ’ என்பது அவற்றுள் ஒன்று. லினக்ஸ் இயங்குதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் விரைந்து படியெடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களைக் குறித்துவைத்துப் பின்னர் பொறுமையாகத் திரும்பிவருதல் இதன் இயல்பு. வெள்ளம் வருமுன் விளைந்த கதிரை முதலில் அறுத்துச் சேர்த்துவிட்டு, சாய்ந்த கதிரைப் பின்னர் பொறுக்கும் உழவனின் அறிவு இதில் உண்டு. படியெடுத்த பின்னர், அப்படியின்மீதே மீட்பு முயற்சிகளைச் செய்யவேண்டும். மூல வட்டைத் தொடலாகாது.

‘டக், டக்’ என்று ஒலிக்கும் வட்டு இன்னும் ஆபத்தானது. அதில் இருப்பது விலைமதிப்பற்றதாயின் எதுவும் செய்யாது தக்க நிபுணரிடம் ஒப்படைப்பதே அறிவுடைமை. வட்டின் மூடியை வீட்டில் திறத்தல் கூடவே கூடாது. தூசியற்ற தனியறையில், உரிய கருவிகளுடன் செய்யவேண்டிய வேலை அது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வட்டு உயிர்பெறும் என்று சிலர் சொல்வதையும் நம்பவேண்டாம். நம் நாட்டு ஈரக்காற்றில், குளிர்ந்த வட்டினுள் நீர்த்துளி படிந்து உள்ளதும் கெடும்.

ஆயினும் நம்பிக்கை இழக்கவேண்டுவதில்லை. 2003 பெப்ரவரி 1-ஆம் திகதி, பூமிக்குத் திரும்புகையில் கொலம்பியா விண்ணோடம் வானிலேயே சிதைந்து ஏழு விண்வெளி வீரர்கள் உயிரிழந்தனர். சிதறி விழுந்த பொருள்களிடையே கருகி உருக்குலைந்த ஒரு வன்தட்டும் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்த ஆய்வுத் தரவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 99 பங்கை வல்லுநர்கள் மீட்டனர். அவ்வாய்வின் முடிவுகள் 2008-இல் வெளியாயின. வானத்திலிருந்து எரிந்து வீழ்ந்த வட்டே பேசிற்று. அதன் தட்டைப் பின்னர் எவரும் கீறாமலும் அதன்மேல் எழுதாமலும் இருந்தமை அதற்குப் பெருந்துணை.

புதிய வட்டைத் தேர்தல்

இனி மாற்று வட்டைப்பற்றிக் காண்போம். இன்று பழைய கணினிக்கு ஏற்றது, சுழலும் தட்டே இல்லாத ‘எஸ்.எஸ்.டி.’ என்னும் திண்ம வட்டு. இது சில்லுகளில் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி நினைவை வைக்கிறது. இச்சில்லுகளுக்கு அடிப்படையான பிளாஷ் நினைவகத்தை, யப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கினார். அசையும் உறுப்பு இன்மையால் தலை நகர்ந்து தேடும் தாமதம் இதற்கு இல்லை. பழைய வன்தட்டு ஒரு நொடியில் ஏறத்தாழ நூறு இடங்களைத் தேடிப் படிக்குமாயின், இது பல்லாயிரம் இடங்களைப் படிக்கும். இரண்டு மூன்று நிமிடம் எடுத்துத் திறக்கும் கணினி அரை நிமிடத்துக்குள் திறப்பதைக் கண்டு வீட்டார் வியப்பர்.

வாங்குமுன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2003-ஆம் ஆண்டளவில் ‘சாட்டா’ என்னும் மெல்லிய இணைப்பு சந்தைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட கணினிகளில் அகன்ற நாடா போன்ற, 40 துளைகள் கொண்ட கம்பி இருக்கும். நாடாக் கம்பியுள்ள கணினிக்குப் பணம் செலவிடுவது பெரும்பாலும் பயனற்றது. அதிலுள்ளவற்றைப் படியெடுத்துக்கொண்டு ஓய்வு கொடுக்கலாம். சாட்டா இணைப்புள்ளதாயின் இரண்டரை அங்குல சாட்டா திண்ம வட்டு ஒன்று போதும். புதிய வட்டின் வேகம் கூடியதாயினும் பழைய இணைப்பில் அது தன்னைத் தாழ்த்திக்கொண்டு இயங்கும். மெல்லிய பட்டை வடிவில் வரும் ‘எம் டூ’ வகையை வாங்கிவிட்டு, செருக இடமில்லையே என்று தவிக்கவேண்டாம்.

பொருத்தும் முறை

வேலை கடினமானதன்று, பொறுமையே வேண்டும். கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குக. பின்னர் ஆளியைச் சில நொடி அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றுக. பெட்டியின் பின்புறத் திருகாணிகளைத் திருப்புளியாற் கழற்றிப் பக்கத் தகட்டை நீக்குக. உள்ளே எதையும் தொடுமுன் பெட்டியின் உலோகச் சட்டத்தைக் கையாற் தொடுக; நம் உடலில் தேங்கிய நிலைமின் அதன்வழி அகலும். கம்பிகள் எவ்வெவ்விடத்தில் உள்ளன என்பதைக் கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுதல் நல்ல வழக்கம்.

வட்டில் இரு கம்பிகள் இருக்கும். அகன்றது மின்னுக்கு, குறுகியது தரவுக்கு. இரண்டையும் நேராக இழுக்கவேண்டும். திருகி இழுத்தால் பிளாஸ்டிக் நாக்கு முறியும். பக்கத்துக்கு இரண்டாக உள்ள நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பழைய வட்டை எடுக்கலாம். புதிய வட்டு சிறியதாகையால் அதற்கென ஒரு தாங்கிச் சட்டம் தேவைப்படும். கம்பியின் முனை ஒருபுறம் வளைந்திருப்பதைப் பார்த்துப் பொருத்தவேண்டும். அது நுழையாவிடின் பலாத்காரம் செய்யலாகாது. யாவும் பொருந்தியபின் மின்னைப் போட்டு, பயோஸ் பக்கத்தில் புதிய வட்டின் பெயர் தெரிகிறதா எனப் பார்க்கவேண்டும்.

அடுத்தது இயங்குதளம். நோயுற்ற வட்டிலிருந்து இயங்குதளத்தையும் அப்படியே படியெடுத்து மாற்றுவது விரும்பத்தக்கதன்று. கெட்ட கோப்புகளும் உடன்வரும். புதிதாக நிறுவி, மீட்ட கோப்புகளை அதன்மேற் சேர்ப்பதே தூய வழி. எதை நிறுவுவது? விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இலும் முடிவுற்றன. விண்டோஸ் 11-ஐப் பழைய கணினிகள் பல ஏற்பதில்லை. எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவினால், எழுதவும் படிக்கவும் கணக்கு வைக்கவும் இணையம் பார்க்கவும் அக்கணினி இன்னும் சில ஆண்டு உழைக்கும். க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவருக்கு, இப்பணியே ஒரு செயன்முறைப் பாடமாகும். பெற்றோர் அருகிருந்து பார்த்துக்கொள்ள, பிள்ளைகள் செய்யட்டும்.

கழற்றிய பழைய வட்டைக் குப்பையில் எறியவேண்டாம். அதில் நம் அடையாள அட்டையின் படியும் வங்கித் தாள்களும் இருக்கலாம். வட்டு இயங்குமாயின் முழுவதும் அழித்தெழுதியும், இயங்காதாயின் தட்டை உடைத்தும், பின்னரே இலத்திரனியற் கழிவு சேகரிப்போரிடம் கொடுக்கவேண்டும்.

ஒரு படி படியாகாது

நிற்க. வட்டை மாற்றியதுடன் கவலை தீர்ந்ததென எண்ணலாகாது. திண்ம வட்டும் ஒருநாள் ஓயும். சுழலும் வட்டாவது ஒலியெழுப்பி எச்சரிக்கும். திண்ம வட்டு முன்னறிவிப்பின்றித் திடீரென மௌனமாகிவிடக்கூடும். மின்னின்றி நெடுங்காலம் அலுமாரியிற் கிடந்தால் அதன் மின்னேற்றம் கசிந்து நினைவு மங்கவும் கூடும்.

நம் கரையோர மக்களுக்கு இழப்பைப்பற்றி எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26-ஆம் திகதி ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்னும் ஊர்களைச் சூறையாடியது. இலங்கையிலேயே உயிரிழப்பு மிகுதியாக நேர்ந்த மாவட்டம் அம்பாறை. உயிரோடு மீண்டவர்களிற் பலரிடம், மாண்ட தம் பிள்ளையின் ஒரு படம்கூட எஞ்சவில்லை. அதற்கு முன்னர் 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. 2005-இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து யாவரும் படிக்க வைத்துவருகிறது. ஒரே இடத்தில் இருப்பது ஒரே நாளில் அழியும் என்ற பாடத்தை நம் நாடு பெருவிலை கொடுத்துக் கற்றிருக்கிறது.

கணினி வல்லுநர் கூறும் விதி எளியது. மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைப் பொருள்களில் இருக்கவேண்டும். ஒன்றேனும் வேறிடத்தில் இருக்கவேண்டும். ஒன்று கணினியில், ஒன்று வெளி வட்டில், மற்றொன்று வெளியூரில் வாழும் மகளின் வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கலாம். ஆண்டுக்கு இருமுறை அவற்றைத் திறந்து பார்த்தலும் வேண்டும். திறந்து பாராத படியை நம்பியிருத்தல் தகாது.

இது நம் உழவர்களுக்குப் புதிய அறிவன்று. அறுவடை எவ்வளவு பெரிதாயினும் விதைநெல்லை அவர்கள் தனியே எடுத்து, ஈரம் படாது உயர்த்தி வைப்பர். முன்னெச்சரிக்கையுள்ளவர் ஒரு மூடையை உறவினர் வீட்டிலும் வைப்பதுண்டு. வீட்டு நெல் நனைந்தாலும் அடுத்த போகம் தவறாது.

எங்கள் வட்டின் கதையை முடிக்கிறேன். நான்கு நாட்களின்பின் தாம்போதியில் நீர் வடிந்தது. வட்டைத் துணியிற் சுற்றிக் கல்முனைக்குக் கொண்டுசென்றேன். அவ்விளைஞர் மூன்று நாள் பொறுமையாக முயன்று, திருமணப் படங்களை ஏறத்தாழ முழுமையாகவும், கணக்குகளையும் மகனின் ஒப்படையையும் முழுதாகவும் மீட்டுத் தந்தார். உம்மாவின் குரலில் எட்டு நிமிடம் கிடைத்தது. நெல்லைச் சூடு மிதித்த இரவைப்பற்றி அவர் சொல்லத் தொடங்கும் இடத்தில் குரல் அறுந்துபோகிறது. எஞ்சிய மூன்று நிமிடம் எவராலும் மீட்க முடியாத இடத்திற்குச் சென்றுவிட்டது.

அந்த எட்டு நிமிடம் இப்போது நான்கு வீடுகளில் இருக்கிறது. அறுந்துபோன பகுதியில் மூத்தம்மா என்ன சொன்னார் என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, எனக்கு நினைவிருக்கும் அளவில் நானே சொல்கிறேன். சென்ற வாரம் மகள் அதையும் பதிவுசெய்துகொண்டாள். பதிவு முடிந்ததும் அவள் முதலிற் செய்த வேலை, இரண்டு படிகள் எடுத்ததுதான்.